யாத்திராகமம் 25-இல் நின்றுபோகும் வேத வாசிப்பும் வீட்டு ஜெபமும்: நிலைக்க வைக்க என்ன வழி?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)
அனைவருக்கும் ஸ்தோத்திரம். புதுவருஷ ஆராதனை முடிந்த கையோடு "இந்த வருஷம் வேதாகமத்தை முழுசா வாசிச்சிடணும்" என்று தீர்மானம் எடுக்கிற வீடுகள் நம்மிடம் ஏராளம். ஆதியாகமம் தானாக ஓடிவிடும். யாத்திராகமத்தில் பத்துக் கட்டளை வரைக்கும் தடையில்லை. 25-ஆம் அதிகாரம் தொடங்கி பலகை, பாதம், தாழ்ப்பாள், கொக்கி என்று வரிசையாக வந்ததும் வாசிப்பு நொண்ட ஆரம்பிக்கிறது. லேவியராகமத்தில் படுத்துவிடுகிறது. குடும்ப ஜெபமும் இப்படித்தான்: முதல் வாரம் அரை மணி நேரம், மூன்றாம் வாரம் ஞாயிறு மட்டும்.

சாட்சிகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே முறையை மட்டும் எழுதுங்கள்: எத்தனை நிமிடம், எத்தனை வசனம், எந்த இடத்தில் உடைகிறது, ஏன் உடைகிறது. எந்தச் சபையாராக இருந்தாலும் சரி.

அதிகாரக்கணக்கு
முதலில் எண்ணிக்கை. சீர்திருத்தச் சபைகளின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. திங்கள் முதல் சனி வரை தினம் 3, ஞாயிறு 5 என்றால் வாரத்துக்கு 23, வருஷத்துக்கு 1196. அதாவது மிச்சம் 7 அதிகாரம்தான். முதல் காய்ச்சலிலேயே அந்த 7 போய்விடும். அப்புறம் "விட்டதைப் பிடிக்கணும்" என்று ஒரே ராத்திரியில் 15 அதிகாரம் புரட்டுவார்கள், இரண்டு நாளில் கைவிடுவார்கள். பெரும்பாலான திட்டங்கள் சாகிற இடம் இதுதான். யாத்திராகமத்தின் மேல் பழி போடுகிறோம், ஆனால் உண்மையில் திட்டத்தில் மூச்சு விட இடமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் வருஷம் புதிய ஏற்பாடு மட்டும். 260-ஐ 52-ஆல் வகுத்தால் வாரத்துக்குச் சரியாக 5. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளைக்கு ஒன்று. சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்கிற நாட்கள். விட்டது ஒன்றும் இல்லையென்றால் அந்த வாரத்தில் மனதைத் தொட்ட அதிகாரத்தை மறுபடி வாசிக்கலாம்.

கூடவே சங்கீதம் வேண்டுமென்றால் தேதி முறை. 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127: தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் ஐந்து சங்கீதம், 30 நாளில் 150-ம் முடியும். ஐந்தையும் வாசிக்க நேரமில்லையா? அந்த ஐந்தில் ஒன்றை எடுங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. 29-ஆம் தேதி 29, 59, 89, 119, 149 என்று வரும். 119-க்கு 176 வசனம், சத்தமாக வாசித்தால் அது மட்டுமே 20 நிமிடம் பிடிக்கும். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள். 31 இல்லாத மாதத்தில் எட்டு எட்டு வசனமாகப் பிரிக்கலாம். அது எபிரெய எழுத்து வரிசையில் 22 பகுதிகளாக எழுதப்பட்ட சங்கீதம், பகுதிக்கு 8 வசனம், பிரிக்கவே வசதியாக இருக்கும்.

ஒரே விதி: விட்ட நாளுக்குத் திரும்பிப் போகாதீர்கள். இன்றைய தேதியை வாசியுங்கள். விட்டது அடுத்த மாதம் தானாக வந்துவிடும்.

தச்சன்மகன்
கணக்கு அண்ணன் சொன்னது சரி, ஆனாலும் யாத்திராகமம் 25-க்கு ஒரு மருந்து இருக்கிறது. வாசிக்கும்போது கையில் பென்சிலும் ஸ்கேலும் வேண்டும். அந்த அதிகாரங்கள் ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தங்களோடு கொண்டுபோன ஆராதனைக் கூடாரத்தின், கட்டட வரைபடம். வரையாமல் வாசித்தால் யாருக்கும் களைப்புத்தான் வரும்.

ஒரு முழம் ஏறக்குறைய 45 செ.மீ. தாளில் ஒரு முழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பிராகாரம் 100 முழம் நீளம், 50 முழம் அகலம் (27:18). அதாவது தாளில் 10 செ.மீ.க்கு 5 செ.மீ. செவ்வகம். நிஜத்தில் 45 மீட்டருக்கு இருபத்திரண்டரை மீட்டர். தாளின் மேல்பக்கம் வடக்கு என்று வைத்தால் வாசல் வலப்பக்கம், கிழக்கில். அங்கே 20 முழத் தொங்குதிரை (27:16). உள்ளே வந்ததும் பலிபீடம், 5 முழத்துக்கு 5 முழம், உயரம் 3 (27:1). அதற்கும் கூடாரத்துக்கும் நடுவில் வெண்கலத் தொட்டி (30:18).

இனி கூடாரம். பலகை ஒவ்வொன்றும் ஒன்றரை முழ அகலம், ஒரு பக்கத்துக்கு 20 பலகை, ஆக நீளம் 30 முழம். மேற்கே 6 பலகை, மூலைக்கு 2. அதை வைத்து அகலம் 10 முழம் என்று கணக்கிடுவார்கள். தாளில் 3 செ.மீ.க்கு 1 செ.மீ. மேற்குக் கடைசி ஒரு செ.மீ. சதுரம் மகா பரிசுத்த ஸ்தலம். திரைக்கு இந்தப் பக்கம் வடபுறம் மேஜை, தென்புறம் குத்துவிளக்கு (26:35). நம் பழைய மொழிபெயர்ப்பு "குத்துவிளக்கு" என்றே சொல்வதால் பிள்ளைகள் நம் வீட்டு விளக்கையே நினைத்துக்கொள்வார்கள். 25:32-ஐ வாசித்துக் காட்டுங்கள்: நடுத்தண்டிலிருந்து பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளை, மொத்தம் ஏழு அகல்.

மகா பரிசுத்த ஸ்தலத்தில் இருக்கும் உடன்படிக்கைப் பெட்டி இரண்டரை முழ நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். சுமார் 112 செ.மீ.க்கு 67. வீட்டில் இருக்கிற டிரங்குப் பெட்டியை அளந்து பக்கத்தில் வைத்துப் பேசினால் பத்து வயசுப் பிள்ளை ஒருநாளும் மறக்காது.

25 முதல் 31 வரை கட்டளை. 35 முதல் 40 வரை அதே சாமான்களைச் செய்து முடிக்கிற கணக்கு, வேகமாகப் போகலாம். நடுவிலுள்ள 32, 33, 34-ஐ மட்டும் தாண்டிவிடாதீர்கள். கூடாரத்துக்கான கட்டளை மலைமேல் கொடுக்கப்படும்போதே கீழே ஜனங்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டி வார்க்கப்படுகிறது. இரண்டு பக்கமும் கூடாரம், நடுவே பாவமும் மன்னிப்பும். அந்த அமைப்பைப் பார்த்துவிட்டால் கொக்கியும் தாழ்ப்பாளும் சலிப்பாகத் தெரியாது. முடித்த அன்றைக்கே எபிரெயர் 9 வாசியுங்கள், அது இதே கூடாரத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

பொருநைக்கரை
தச்சன்மகன் தம்பி, லேவியராகமத்துக்கும் இப்படி ஏதாவது?

தச்சன்மகன்
சுருக்கமாக, ஒரு பக்கத் தாள் போதும் ஐயா. முதல் ஐந்து அதிகாரமும் ஐந்து பலிகள்: 1 சர்வாங்க தகனபலி, 2 போஜனபலி, 3 சமாதானபலி, 4 பாவநிவாரணபலி, 5 குற்றநிவாரணபலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி: எதைக் கொண்டுவரணும், பீடத்தில் எது எரியும், மிச்சத்தை யார் சாப்பிடுவது. சமாதானபலியில்தான் கொண்டுவந்தவரே பந்தியில் உட்காருகிறார். 6, 7 அதிகாரங்கள் அதையே ஆசாரியர் பக்கத்திலிருந்து மறுபடி சொல்கின்றன. அதனால் புது விஷயம் என்று தேடிக் குழம்ப வேண்டாம்.

தரங்கைவாசி
வாசிப்பைப் பற்றிப் பேச்சு போகிறது, ஜெபத்துக்கு வருவோம். "என்ன சொல்லி ஜெபிப்பது, ரெண்டு நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துபோகிறது" என்கிறவர்களுக்கு சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் 1535-இல் தமக்கு முடிதிருத்தும் பேத்தர் என்பவருக்கு ஒரு முறை எழுதிக்கொடுத்தார். ஒரு கட்டளையை எடுத்து நாலு இழையாகப் பின்னுவது: படிப்பினை, நன்றி, அறிக்கை, விண்ணப்பம்.

"களவு செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையை எடுப்போம். (லுத்தரன், கத்தோலிக்கர் கணக்கில் இது 7-ஆவது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கணக்கில் 8-ஆவது. எண்ணைச் சொன்னால் குழப்பம், வசனத்தைச் சொல்லுங்கள்.) படிப்பினை: அடுத்தவர் பொருள், கூலி, நேரம் மூன்றும் இதில் அடக்கம். நன்றி: பூட்டிய வீடு பத்திரமாக இருப்பதற்கு, நேர்மையாகச் சில்லறை கொடுக்கிற கடைக்காரருக்கு. அறிக்கை: இரவல் வாங்கித் திருப்பாத புத்தகம், வேலை நேரத்தில் போன் பார்த்த முக்கால் மணி. விண்ணப்பம்: நாளைக்கே அதைத் திருப்பிக் கொடுக்கத் தைரியம் தாரும். பொதுவாக "என் பாவங்களை மன்னியும்" என்று நிறுத்தினால் அறிக்கை என்கிற இழை அறுந்துவிடும். பொருளின் பேரைச் சொல்லணும்.

ஒரு நாளைக்கு ஒரு கட்டளை, ஐந்து முதல் எட்டு நிமிடம். பத்து நாளில் ஒரு சுற்று. ஜெபம் காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் இருக்கட்டும், "இன்னும் ஒரு மணி நேரம் கழித்து" என்கிற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே என்கிறார் லுத்தர். கத்தியைப் பிடித்துக்கொண்டு பேச்சில் மனம் போனால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடும் என்று தொழிலையே உதாரணம் காட்டி எழுதியிருக்கிறார்.

எழுப்புதல்தீ
பிரதர், இப்படி நாலு இழை, எட்டு நிமிஷம் என்று கட்டம் போட்டால் பரிசுத்த ஆவியானவர் நடத்துகிறதற்கு இடம் எங்கே? ஜெபம் உள்ளத்திலிருந்து பொங்கி வரவேண்டாமா?

தரங்கைவாசி
சகோதரர் கேட்டது நியாயமான கேள்வி. அதே கடிதத்தில் அதற்கும் பதில் இருக்கிறது. நாலில் முதல் இழையிலேயே ஆவியானவர் பேசத் தொடங்கினால் மற்ற மூன்றையும் விட்டுவிடு, அமைதியாகக் கேள் என்கிறார். முறை நெருப்புப் பற்றவைக்க அடுக்கிய சுள்ளி. பற்றிக்கொண்டபின் அதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தானியேல் 6:10-இல் தினம் மூன்று வேளை முழங்கால். அப்போஸ்தலர் 3:1-இல் பேதுருவும் யோவானும் போனது ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி). பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின்னும் அவர்கள் வேளையைக் கைவிடவில்லை.

எழுப்புதல்தீ
தானியேல் வசனம் சரி. அப்போஸ்தலர் 3:1-ஐ இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: நேரம் குறித்தாலும் முடிவில் மூன்று நிமிடமாவது பேசாமல் இருக்கணும். நம் கூட்டங்களில் அந்த அமைதி ரொம்பக் குறைவு.

கடற்கரைச்செபம்
இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

செபமாலையை "நேரமில்லை" என்று விடுகிறவர்கள் ஐந்து பத்து மணிகளையும் ஒரே இருப்பில் சொல்லியாகணும் என்று நினைக்கிறார்கள். ஒரு பத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். பேருந்தில் போகும்போது இரண்டு, சமையலில் ஒன்று, இரவு குடும்பத்தோடு இரண்டு என்று பிரித்துச் சொல்லலாம். கையில் மணி இல்லையென்றால் பத்து விரல் இருக்கிறது. ஒவ்வொரு பத்திலும் தியானிக்கிற இயேசு, மரியாளின் வாழ்க்கை நிகழ்வுதான் மறைபொருள்: திங்கள், சனி மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்களைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் சேர்த்தார். கெட்டுப்போகிற இடம் வேகம். "அருள் நிறைந்த மரியே" முடிவதற்குள் அடுத்தவர் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று ஏறிவிடுவார். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அந்த மறைபொருளுக்குரிய நற்செய்தியிலிருந்து மூன்று வசனம் வாசித்துப் பத்து நொடி நிறுத்துங்கள். வேகம் தானாகக் குறையும்.

அடுத்தது இரவு ஆன்ம சோதனை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொன்ன ஐந்து படி: நன்றி, உண்மையைப் பார்க்க இறைவனிடம் ஒளி கேட்டல், அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பத்து நிமிடம். நன்றியைத் தாண்டிவிட்டு நேரே குற்றப்பட்டியலுக்குப் போவதுதான் பலர் செய்கிற தவறு. ஒரு வாரத்தில் மனம் சோர்ந்து படுக்கையில் விழுந்துவிடும். முதல் மூன்று நிமிடமும் நன்றிக்கே. நாளைத் திரும்பிப் பார்ப்பதை மணி வாரியாகச் செய்யுங்கள்: எழுந்ததிலிருந்து எட்டு வரை, எட்டிலிருந்து மதியம் வரை, இப்படி. "இன்னைக்கு எப்படி இருந்தேன்" என்று மொத்தமாகக் கேட்டால் ஒன்றும் நினைவுக்கு வராது. தீர்மானம் ஒன்றே ஒன்று, அதுவும் நேரமும் ஆளும் குறித்து: "நாளை காலை மாமியாரிடம் மருந்து சாப்பிட்டீங்களா என்று நானே முதலில் கேட்பேன்." படுத்துக்கொண்டு செய்யாதீர்கள், மூன்றாம் படியில் தூங்கிவிடுவீர்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர்
குடும்ப ஜெபம் பற்றி யாரும் தொடவில்லையே என்று காத்திருந்தேன். அது நின்றுபோகக் காரணம் மூன்று: நேரம், நீளம், அப்பாவின் பிரசங்கம்.

ராத்திரி ஒன்பதரைக்கு வைக்காதீர்கள். பிள்ளைகள் கண்சொருகும், பெரியவர்களுக்குப் பொறுமை இருக்காது. சாப்பாட்டுக்கு முன்னால், ஏழரை எட்டுக்குள். சோறு காத்திருப்பதால் நீளமும் தானாகக் கட்டுப்படும். மொத்தம் 12 நிமிடம். கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, ஒரே ஒரு சரணம்: 2 நிமிடம். வாசிப்பு 8 முதல் 10 வசனம், ஆளுக்கு இரண்டாகச் சுற்றிவரட்டும்: 3 நிமிடம். ஒரே ஒரு கேள்வி: 3 நிமிடம். ஒவ்வொருவரும் ஒரு வாக்கிய ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து: 4 நிமிடம்.

மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், 678 வசனம். தினம் 10 வசனம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 14 வாரத்தில் முடியும். முடிந்த அன்றைக்குப் பாயசம் வையுங்கள், பிள்ளைகளுக்கு அடுத்த புத்தகத்துக்கு ஆசை வரும்.

கேள்வி கேட்பதில் கவனம் வேண்டும். "இதிலிருந்து நாம கத்துக்கிறது என்ன?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "பொய் சொல்லக்கூடாது" என்றே சொல்லும். கண்ணால் பார்க்கிற மாதிரி கேளுங்கள். மாற்கு 2-இல் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அந்த வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார்? நாலு பேரில் கயிறு பிடிக்கிறவர் கை எப்படி இருந்திருக்கும்? உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் என்ன விழுந்திருக்கும்? பிள்ளை கூரைக்குள் போய்விட்டால் இயேசு முதலில் "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது" என்றதும் "நடக்கத்தானே கொண்டுவந்தாங்க?" என்று அதுவே கேட்கும். அந்தக் கேள்வி வந்த இடத்தில் அப்பா மூன்று நிமிடம் பேசலாம். அதற்கு முன் பேச வேண்டாம்.

நாலு முதல் ஏழு வயசுக்கு ஐந்து நிமிடமே அதிகம், பாட்டும் ஒரு வரி ஜெபமும் போதும். பதின்ம வயசுப் பிள்ளையிடம் வாரத்தில் ஒருநாளை முழுசாகக் கொடுத்துவிடுங்கள், பாட்டு முதல் முடிவு வரை. நடுவில் திருத்தாதீர்கள். பிள்ளையின் நடத்தையை ஜெபத்திலேயே கண்டிக்கிற பழக்கம், "ஆண்டவரே, இவன் படிக்கமாட்டேங்கிறான்" என்பது, அந்த ஒரு வாக்கியமே குடும்ப ஜெபத்தின்மேல் ஆயுசுக்கும் வெறுப்பை உண்டாக்கும்.

அதிகாரக்கணக்கு
டீச்சர், எந்த மொழிபெயர்ப்பு? பழைய மொழிபெயர்ப்பில் பிள்ளைகள் "பிரயாசம்", "சமுகம்" போன்ற சொற்களில் தடுக்குகிறார்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர்
வாசிப்புக்கு எளிய நடையில் உள்ளது. மனப்பாடத்துக்கு மட்டும் அவரவர் ஆலயத்தில் வாசிக்கிற மொழிபெயர்ப்பு. கோவிலில் காதில் விழும்போது ஒட்டிக்கொள்ளணும், அதுதான் காரணம். வாரத்துக்கு ஒரு வசனம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள் என்று திரும்பச் சொல்ல வையுங்கள். இடத்தை வசனத்துக்கு முன்னும் சொல்லணும் பின்னும் சொல்லணும். இல்லாவிட்டால் வசனம் நினைவிருக்கும், எங்கே இருக்கிறதென்று தெரியாது.

கடற்கரைச்செபம்
டீச்சரக்கா சொன்ன அந்தக் கடைசித் தவறு எங்கள் பக்கத்திலும் அப்படியே உண்டு. செபமாலைக் கருத்தில் பிள்ளையின் மார்க்கைச் சொல்வார்கள்.

வார்டுநர்ஸ்
லெந்து, தவக்காலம் வரப்போவதால் உபவாசம் பற்றி. ஆன்மிகக் காரணத்தைக் குருவானவர்கள் சொல்லட்டும், நான் உடம்பைச் சொல்கிறேன்.

காபி, டீ தினம் மூன்று வேளை குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி பிடிக்கும். அதைப் பசி என்று நினைத்து உபவாசத்தை முறிப்பார்கள். நாலு நாள் முன்பிருந்தே ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். தண்ணீரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. முறிக்கும்போது கஞ்சி, மோர், இட்லி. ஆலய வாசலிலேயே பிரியாணிப் பொட்டலம் வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தவிர்க்கக் கூடாது. சாப்பாடு இல்லாமல் அந்த மருந்து மட்டும் வேலை செய்தால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கணும். பார்க்கக் கருவி இல்லையென்றாலும் குடித்துவிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு உணவு உபவாசம் வேண்டாம். சீரியலையோ போனையோ விடலாம்.

கடற்கரைச்செபம்
திருச்சபைச் சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. ஒருசந்தி, அதாவது ஒருவேளை உபவாசம், 18 வயது நிறைந்தவருக்கு, 60-ஆவது வயது தொடங்கும் வரை. திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும். ஒரு முழுச்சாப்பாடு, கூடவே சிற்றுணவு இரண்டு வேளை, இரண்டும் சேர்ந்து ஒரு முழுச்சாப்பாடு ஆகக் கூடாது. இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்ததிலிருந்து. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து உணவு கூடாது, தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. "மாத்திரை போட்டுட்டேன், நன்மை (நற்கருணை) வாங்கலாமா" என்று பாட்டிமார் தயங்கிப் பின்வரிசையிலேயே நிற்பார்கள். தாராளமாக வாங்கலாம் என்று சொல்லிக் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போங்கள்.

பொருநைக்கரை
எல்லாருக்கும் நன்றி. உபவாசத்தில் மிச்சமாகிற சாப்பாடு யாருக்குப் போகணும் என்று ஏசாயா 58:7 சொல்கிறது, பசியுள்ளவனுக்கு. அதனால் பிடியரிசியையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. அளந்தபின் எடுக்கணும் என்பது முக்கியம். மூட்டையிலிருந்து தனியாக எடுத்தால் அது சும்மா தானம். அளந்ததில் எடுத்தால் வீட்டார் தட்டிலிருந்து ஒரு கவளம் குறைகிறது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளை சமைக்கிற வீட்டில் மாதம் 3 கிலோ சேரும். சின்னப் பிள்ளை கையால் போட வையுங்கள், போடும்போது யாருக்காக என்று ஒரு பெயர் சொல்லட்டும்.

எழுப்புதல்தீ
ஐயா, மாதக் கடைசியில் பார்த்தால் வண்டு பிடித்துவிடுகிறதே? அதைக் காணிக்கையாகக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை.

பொருநைக்கரை
பானை அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும், ஆவி பட்டு ஈரம் ஏறும், அதுதான் காரணம் தம்பி. அடுப்பிலிருந்து தள்ளி, மூடி இறுகின எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். ஈரக்கையால் போடக்கூடாது. அடியில் நாலு காய்ந்த மிளகாய் வற்றலோ நிழலில் உலர்த்தின வேப்பிலையோ போடுங்கள். மாதக் கடைசி வரை வைக்காமல் ஞாயிறுதோறும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, தூக்கைத் துடைத்து வெயிலில் கவிழ்த்துவிட்டு, சாயங்காலச் சமையலுக்கு மறுபடி தொடங்குங்கள்.

வார்டுநர்ஸ்
புழுங்கலும் பச்சரிசியும் ஒரே தூக்கில் கலக்காதீர்கள். வேகிற நேரம் வேறு, வாங்கிச் சமைக்கிறவர்களுக்குச் சோறு பாதி குழையும், பாதி விறைக்கும். இரண்டு தூக்கு வையுங்கள்.